படம் காட்டாத இலங்கை

வரலாறு எழுதப் புகுந்தோர் கல்வெட்டைப் படிப்பர், செப்பேட்டைப் படிப்பர், ஒல்லாந்தரின் தோம்புகளையும் ஆங்கிலேயரின் நிர்வாக அறிக்கைகளையும் தூசி தட்டி எடுத்துப் படிப்பர். ஆனால் கடந்த நூற்றைம்பது ஆண்டுகளாக இந்நாட்டைப் பற்றி வெளியுலகம் கொண்டுள்ள எண்ணத்தை உருவாக்கியதில் பெரும் பங்கு வகித்த புகைப்படத்தை, நூலின் நடுவே அழகுக்காகச் செருகப்படும் பொருளாகவே பலரும் கருதி வந்துள்ளனர். படம் பொய் சொல்லாது என்றொரு நம்பிக்கை நம்மிடையே உண்டு. உண்மைதான். ஆனால் எதைச் சொல்வது, எதை விடுவது என்பதைப் படம் தானே தீர்மானிப்பதில்லை. கமராவை எங்கே நிறுத்துவது என்று முடிவு செய்பவன் ஒருவன். அவனுக்குக் கூலி கொடுப்பவன் இன்னொருவன். படத்தைப் பணம் கொடுத்து வாங்குபவன் மூன்றாமவன். இம்மூவரையும் அறியாது படத்தை மட்டும் பார்ப்பது, கல்வெட்டைப் படித்துவிட்டு அதைப் பொறிப்பித்த அரசனை மறந்துவிடுவதற்கு ஒப்பாகும்.

இலங்கையைப் பற்றிய சுற்றுலா ஏடு எதனையும் எடுத்து நோக்குமிடத்து, நான்கு படங்கள் தவறாது காணப்படும். மலைச்சரிவிலே கொழுந்து பறிக்கும் பெண். குளக்கரையிலே யானைக் கூட்டம். பாறைமீது படுத்திருக்கும் சிறுத்தை. கடலில் நட்ட கம்பத்தின்மேல் அமர்ந்து தூண்டிலிடும் மீனவன். இவை யாவும் கண்ணுக்கு இனியவை. அதனை மறுப்பது வீண். இவை எவ்வாறு தோன்றின, எவரை வெளியே நிறுத்திவிட்டுத் தோன்றின என்பதே நமது வினா.

முதலில் தொழில்நுட்பத்தைச் சிறிது கவனிப்போம். 1839-ஆம் ஆண்டிலே புகைப்படக்கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டது. ஆயினும் ஊர் ஊராகச் சென்று படம்பிடித்து, ஒன்றிலிருந்து பல பிரதிகளை எடுத்து விற்கும் வாய்ப்புப் பரவலாகக் கிட்டியது 1851-இல் கொலோடியன் முறை வெளிவந்த பின்னரே. கண்ணாடித் தகட்டிலே கொலோடியன் என்னும் பசைக் கரைசலைப் பூசி, வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் தோய்த்து, ஈரம் உலருமுன் கமராவில் வைத்துப் படம்பிடித்து, அந்த ஈரம் உலருமுன்னரே இருட்டறையிற் கழுவியும் முடிக்கவேண்டும். எல்லாம் பத்துப் பதினைந்து நிமிட வேலை. நமது வெயிலில் அவ்வளவு நேரங்கூடக் கிடையாது. எனவே காட்டுக்குப் படம்பிடிக்கச் சென்றவன் இருட்டுக் கூடாரம், கண்ணாடித் தகடுகள், மருந்துப் போத்தல்கள், தண்ணீர் ஆகிய அனைத்தையும் உடன் கொண்டு சென்றான். அவன் கொண்டு சென்றான் என்பது மொழி வழக்கு. சுமந்தவர்கள் வேறு ஆட்கள். அவர்களுடைய பெயர் எந்தப் படத்தின் கீழும் இல்லை.

தகட்டில் ஒளி பதிவதற்குச் சில விநாடிகள் வேண்டும். அத்தனை நேரம் அசையாதிருப்பது மலை, கட்டடம், இடிபாடு, அசையாதே என்று கட்டளையிடப்பட்ட மனிதன், செத்த மிருகம் ஆகியனவே. காட்டில் நடமாடும் யானை அக்காலத் தகட்டில் வெறும் புகைபோலவே விழும். ஆகையினாலேதான் அந்நாட்களின் வனவிலங்குப் படங்களில் யானை கயிற்றால் மரத்தோடு பிணைக்கப்பட்டு நிற்கிறது; அல்லது துப்பாக்கியோடு ஒரு துரை அதன் உடலின்மேல் காலூன்றி நிற்கிறான். இதனைக் கலைஞனின் இரசனை என்று கொள்வது தவறு. கருவியின் இயல்பும் ஆட்சியின் இயல்பும் ஒன்றையொன்று தழுவிக்கொண்ட இடம் இது.

கமரா மலைநாட்டுக்கு வருமுன்னர் துப்பாக்கியும் கோடரியும் அங்கே வந்துவிட்டன. 1840-ஆம் ஆண்டின் 12-ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உறுதியில்லாத காட்டையும் தரிசையும் சேனை நிலத்தையும் முடிக்குரியதாக்கியது. ஏக்கர் ஐந்து சிலிங் வீதம் நிலம் விற்கப்பட்டது. வாங்கியோருள் ஆளுநரிலிருந்து கீழ்மட்டம் வரை அரசாங்க உத்தியோகத்தர் பலர் இருந்தனர். விற்பவரும் வாங்குபவரும் ஒருவராயிருந்த விந்தையான சந்தை அது! கோப்பி பரவியது; காடு சுருங்கியது; காட்டிலிருந்த யானை 'பயிரழிக்கும் பிராணி' எனப் பெயர் பெற்றது. மேஜர் ரொஜர்ஸ் என்ற அதிகாரி மட்டும் 1,400-க்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டதாகக் குடியேற்றச் செயலாளராயிருந்த எமர்சன் டெனன்ற் எழுதியுள்ளார். வீதிகளை அமைத்தவர் என்று பாடநூல்கள் போற்றும் மேஜர் ஸ்கின்னரின் கணக்கும் பல நூறு. ரொஜர்ஸ் 1845-இல் அப்புத்தளையில் இடி விழுந்து இறந்தார். நுவரெலியாவில் உள்ள அவரது கல்லறையின்மீதும் பின்னர் இடி விழுந்ததாம். ஊரார் அதைத் தெய்வத்தின் தீர்ப்பென்று இன்றும் சொல்வர்.

ஆனால் தனிமனிதரின் வேட்டை வெறியைப் பேசி நின்றுவிட்டால் விடயத்தின் பாதியையே காண்போம். யானையைக் கொல்வதற்கு அரசாங்கமே தலைக்குச் சில சிலிங் வீதம் பரிசு கொடுத்தது. வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மாத்திரம், 1848-க்கு முந்திய மூன்றாண்டுக்கும் குறைந்த காலத்தில், 3,500 யானைகளுக்குப் பரிசு கோரப்பட்டது. தென் மாகாணத்தில் 1851 முதல் 1856 வரை 2,000. இக்கணக்கும் டெனன்றுடையதே. (அன்றைய வட மாகாணம் நுவரகலாவியாவையும் உள்ளடக்கியது, வடமத்திய மாகாணம் பிரிந்தது 1873-இலேயே.) வன்னியிலிருந்து பிடித்த யானைகளைக் கடல்நீரேரியைக் கடத்தி யாழ்ப்பாணத்துக்கு நடத்திவந்த துறைக்கு ஆனையிறவு என்று பெயர். ஒல்லாந்தர் காலத்திலே யாழ்ப்பாணத்தில் யானை ஏலம் நடந்தது. இந்திய வணிகர் வந்து வாங்கினர். இன்று குடாநாட்டில் யானை இல்லை, பெயர் மட்டும் இருக்கின்றது. ஆனையிறவு என்றதும் என் மாணாக்கருக்கு உப்பளமும் யுத்தமும் நினைவுக்கு வருகின்றன. யானை நினைவுக்கு வருவதில்லை.

அதே வன்னிக் காட்டின் ஓரமாக இன்னொரு கூட்டமும் நடந்தது. தென்னிந்தியாவின் வறண்ட மாவட்டங்களிலிருந்து தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கி, தம்புள்ளை வழியாக மாத்தளை நோக்கி நடந்த தொழிலாளர் அவர்கள். ஏறத்தாழ நூற்றைம்பது மைல் நடை; நீர் அரிது; வாந்திபேதியும் காய்ச்சலும் பெருகிய வழி. எத்தனை பேர் வழியில் விழுந்தனர் என்பது பற்றி அக்காலத்திலேயே ஆங்கிலேயருக்குள் சர்ச்சை நடந்தது. கமரா இலங்கையிற் பரவிய பின்னரும் ஆண்டாண்டாக அந்நடை நீடித்தது. ஆனால் விற்பனைக்கு வந்த படங்களுக்கு அந்தப் பாதை பொருளாகவில்லை. கொழும்பிலும் கண்டியிலும் கடை நடத்திய ஸ்கீன் நிறுவனமும் ஸ்கோவென் நிறுவனமும் தயாரித்த தொகுதிகளிலே மலைப்பாதையும் பாலமும் புகையிரதமும் அரசமரமும் அருவியும் தோட்டமும் உண்டு. ஜோசப் லோட்டன் 1870, 1871 ஆண்டுகளில் அனுராதபுரத்தையும் பொலன்னறுவையையும் அரசாங்கத்துக்காகப் படம்பிடித்தார். தொல்லியலுக்கு அவை பெருஞ்செல்வம் என்பதில் ஐயமில்லை. எனினும் மேற்கூறிய தொகுதிகளை வாங்கியோர் துரைமாரும், கப்பலில் வந்து சில நாட்கள் தங்கிச் சென்ற பயணிகளுமே. தம் செல்வம் எந்த வழியாக நடந்து வந்தது என்று காண விரும்பிப் பணங்கொடுப்பார் யார்?

இவ்விடத்தில் ஒரு பெண்மணியைப் பற்றிச் சற்று விரிவாகக் கூற வேண்டும். ஜூலியா மார்கரெட் கமரன் 1815-இல் கல்கத்தாவிற் பிறந்தவர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தலைசிறந்த புகைப்படக் கலைஞருள் ஒருவர். டார்வின், ஹெர்ஷல், டெனிசன் முதலானோரின் முகங்களை இன்று நாம் அறிந்திருப்பது பெரிதும் அவருடைய கமராவினாலேயே. அவருடைய கணவர் சார்ள்ஸ் ஹே கமரன் நமது பாடநூலில் வரும் கோல்புறூக்-கமரன் ஆணைக்குழுவின் கமரனேதான். இராஜகாரியம் என்னும் கட்டாய ஊழியத்தை ஒழிக்க வழிசெய்த குழு அது. சுதந்திரமான உழைப்பு, சுதந்திரமான சந்தை என்பது அவர்களுடைய தத்துவம். அந்தச் சந்தையிலே கமரனும் இலங்கையில் நிலம் வாங்கிக் கோப்பித் தோட்ட முதலாளியானார். ஒழித்தவரும் இலாபம் தேடியவரும் ஒருவரே என்பதில் முரண்பாடு ஒன்றுமில்லை. பழைய தளையிலிருந்து விடுபட்ட உழைப்பைப் புதிய முதலாளி கூலிக்கு வாங்குவதே அச்சீர்திருத்தத்தின் உட்பொருளாயிருந்தது. கண்டிய விவசாயி அந்தக் கூலிக்கு எளிதில் இசையாததனாலேதான் மன்னார்ப் பாதை திறந்தது.

1869-இல் கோப்பி இலையைத் தாக்கிய பங்கசு நோய் தோட்டங்களை மெல்ல மெல்ல அழித்துக்கொண்டிருந்த காலத்தில், 1875-இல், இத்தம்பதியர் இங்கிலாந்தை விட்டு இலங்கைக்கே வந்துவிட்டனர். களுத்துறையிலே தம் மகனோடு தங்கியிருந்தபோது அம்மையார் சுற்றுப்புற மக்களைப் படம்பிடித்தார். 1877-இல் அங்கே சென்ற மரியான் நோர்த் என்னும் ஓவியப் பெண்மணி ஒரு நிகழ்ச்சியைப் பதிவுசெய்துள்ளார். வழியிற் கண்ட ஒருவனுடைய முதுகின் அழகில் மயங்கிய திருமதி கமரன், அவனைத் தோட்டக்காரனாக வேலைக்கு வைக்கும்படி மகனை வற்புறுத்தினாராம். அவ்வீட்டிலோ பூந்தோட்டமே இல்லை! அழகை அறியும் கண் இருந்தது. அதனை வாங்கும் வசதியும் இருந்தது. அந்த மனிதனின் பெயரைக் கேட்கவேண்டிய தேவை மட்டும் எழவில்லை.

இங்கே அவர் எடுத்தவற்றுள் எஞ்சியவை முப்பதுக்கும் குறைவே. களுத்துறைக் குடியானவர் எனத் தலைப்பிட்ட ஒரு படம் புகழ்பெற்றது. ஓர் இளைஞன், ஒரு சிறுமி, நரைத்த முதியவர் ஒருவர். படத்தில் உள்ள குறிப்பு, சிறுமிக்கு வயது 12 என்றும், முதியவர் தம்மை அவளுடைய தந்தை என்றும் தமக்கு நூறு வயது என்றும் சொல்வதாகவும் கூறுகின்றது. வயதைக் கேட்டிருக்கிறார், உறவைக் கேட்டிருக்கிறார், பெயரைக் கேட்டதாகக் குறிப்பில் இல்லை. கேட்டிருந்தாலும் எழுதவில்லை. இங்கிலாந்தில் அவருடைய படங்களின் கீழே டார்வின் டார்வினாக நிற்கிறார். அங்கும் பணிப்பெண்கள் மரியாளாகவும் காவிய நாயகியராகவும் வேடம் பூண்டு பெயரிழந்து நின்றதுண்டு என்பதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். எனவே இதனை இனபேதம் என்ற ஒரு சொல்லால் மட்டும் விளக்கிவிட முடியாது. வர்க்கமும் அதனுள்ளே புகுந்திருக்கிறது. இவ்வளவும் கூறிய பின்பும் அம்முகங்களில் அவர் கண்ட கம்பீரத்தை நான் மறுக்கமாட்டேன். அன்றைய வணிகப் படங்களில் மனிதர் மாதிரிப் பொருளாக நிறுத்தப்பட்டிருந்தனர். அம்மையாரின் படத்தில் அவர்கள் சிந்திப்பவராகத் தோன்றுகின்றனர். 1879-இல் அவர் திக்கோயாவில் இறந்தார். பொகவந்தலாவையில் அவரது கல்லறை உள்ளது.

கோப்பி மடிந்ததும் தேயிலை வந்தது. ஜேம்ஸ் டெயிலர் 1867-இலேயே லூல்கந்துரையில் பயிரிட்டிருந்தார். 1890-இல் லிப்டன் தோட்டங்களை வாங்கினார். அதே 1890-இல் கொழும்பிலே பிளாட்டே நிறுவனம் தோன்றியது. பின்னர் அதன் தபாலட்டைகள் கப்பலேறி உலகெங்கும் சென்றன. அச்சுமுறை மலிந்தது, விளம்பரம் பெருகியது, கூடை சுமந்து சிரிக்கும் பெண் பிறந்தாள். அவளுடைய படத்தில் அட்டை கடிக்கும் கால் இல்லை. நிறுவை மடுவத்தில் கணக்கப்பிள்ளை குறைக்கும் இறாத்தல் இல்லை. லயன் அறை இல்லை. தேயிலைப் பிரசார சபைக்காக பசில் றைட் 1934-இல் இயக்கிய 'சோங் ஒவ் சிலோன்' என்ற படம் இவ்விடயத்தில் ஒரு வியப்பு. விளம்பரத்துக்காகக் கொடுத்த பணத்திலே, உழைப்போரின் உருவத்தின்மீது இலண்டன் சந்தை விலையின் குரலை ஒலிக்கச் செய்து, அவ்விரண்டுக்குமுள்ள உறவை நாம் கேட்கும்படி செய்தனர். அதன் விவரணக் குரல் நமது லயனல் வென்ற்றுடையது. வென்ற் 1944-இல் மறைந்தார். உழைக்கும் உடலைக் கலையின் மையத்தில் வைத்த முதல் இலங்கைப் புகைப்படக்காரருள் அவர் ஒருவர். ஆனால் அவரும் சோர்வைவிட வடிவத்தையே அதிகம் கண்டார் என்பது என் கருத்து.

சிரிக்கும் பெண்ணின் படம் உலகெங்கும் நாட்டின் அடையாளமாகச் சென்றுகொண்டிருந்தபோதே, 1948-ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அவளை இந்நாட்டவள் அல்லள் என்றது. 1949-இல் வாக்குரிமையும் போயிற்று. ஏறக்குறைய ஏழு இலட்சம் மக்கள் நாடற்றவராயினர். இடதுசாரிக் கட்சிகள் அன்று எதிர்த்து வாக்களித்தன. அதனை நாம் பெருமையோடு சொல்கிறோம். ஆனால் 1964 ஒக்டோபரில், 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்ற சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாகியபோது, ஆட்சியில் பங்காளியாக ஓர் இடதுசாரிக் கட்சியும் இருந்தது. அதனையும் நாமே சொல்லவேண்டும். வேறொருவர் வந்து சொல்லும்வரை காத்திருப்பது அழகன்று. எஞ்சியோருக்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் வந்தது 2003-இல். நாட்சம்பளம் 1,000 ரூபா என வர்த்தமானியில் வெளியானது 2021-இல். இத்தனை ஆண்டுகளிலும் விளம்பரத்தில் அவளுடைய படம் ஒரு நாளும் நாடு கடத்தப்படவில்லை.

மீனவன் கதையைச் சுருக்கமாகக் கூறலாம். வெலிகம, அகங்கம, கொக்கல கரையோரத்திலே கம்பத்தின்மேல் அமர்ந்து தூண்டிலிடும் வழக்கம் புராதனமானது எனப் பயணநூல்கள் எழுதும். அது இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் உணவுத் தட்டுப்பாட்டை ஒட்டிப் பரவியதென்றே பலர் கூறுகின்றனர். ஸ்டீவ் மக்கறி என்ற அமெரிக்கர் 1995-இல் எடுத்த படம் அதனை உலகப் புகழாக்கியது. 2004-இன் ஆழிப்பேரலைக்குப் பின் அத்தொழில் பெரிதும் நலிந்தது. இன்று கம்பத்தில் அமர்ந்திருப்போர் பலர் மீனுக்காக அன்று, கமராவுக்காகவே அமர்ந்திருக்கின்றனர். படம் எடுத்தவரிடம் காசு பெறுவதே தொழில். இதனை ஏமாற்று என்று ஏசும் பயணிகளை நான் அறிவேன். கடல் கொடாததைக் கமரா கொடுக்கும்போது மீனவன் வேறென்ன செய்வான்?

சிறுத்தையின் கதைக்கு வருவோம். சுடுவதற்கு மிருகம் குறைந்துவிட்டதைச் சுட்டவர்களே முதலில் உணர்ந்தனர். 1894-இல் தோட்டத்துரைமாரும் வேட்டைப்பிரியரும் கூடி வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கம் அமைத்தனர். 1900-இல் யால ஒதுக்கிடமாயிற்று. அதில் ஒரு பகுதி, இங்கு வதியும் கனவான் வேட்டைக்காரருக்கென விடப்பட்டது. கனவான் சுட்டால் விளையாட்டு. கிராமத்தவன் சுட்டால் களவு. சேனைப் பயிர்ச்செய்கையும் குற்றமாயிற்று. முதற் காவலராக 1908-இல் நியமிக்கப்பட்டவர் ஏங்கல்பிரெக்ற் என்னும் போயர் யுத்தக் கைதி. பிரித்தானிய முடிக்கு விசுவாசப் பிரமாணம் செய்ய மறுத்துத் தாய்நாடு திரும்ப இயலாது தங்கியவர். பேரரசுக்குத் தலைவணங்காத ஒருவன் பேரரசின் காட்டைக் காத்தான் என்பதில் ஏதோ நியாயம் இருக்கிறது! அதே ஆண்டில் அம்பாந்தோட்டைக்கு உதவி அரசாங்க அதிபராக வந்தவர் லெனாட் வூல்ஃப். அக்காட்டோரக் கிராமத்தவரின் பசியையும் கடனையும் நீதிமன்ற அலைச்சலையும் அவர் 1913-இல் ஒரு நாவலாக எழுதினார். மேலே கூறிய திருமதி கமரனின் சகோதரி மகளுடைய மகள் வேர்ஜினியாவே அவருடைய மனைவி. கமராவுக்கு அகப்படாத கிராமம் அக்குடும்பத்துள் நாவலுக்கு அகப்பட்டது.

1938-இல் யாலவும் வில்பத்தும் தேசியப் பூங்காக்களாயின. துப்பாக்கி விலகிக் கமரா வந்தது; இது உண்மையான முன்னேற்றம். சிறுத்தை இன்று நெருங்கி வாழும் உலக இடங்களுள் யாலவும் ஒன்றென்றால் அச்சட்டங்களுக்கு நாம் நன்றி கூறத்தான் வேண்டும். ஆனால் மனிதனே இல்லாத காடு என்ற படம் உண்மையாக வேண்டுமானால் மனிதனை அப்புறப்படுத்த வேண்டியிருந்தது. 1983-இல் மாதுறு ஓயாத் தேசியப் பூங்கா பிரகடனமானபோது, மகாவலித் திட்டத்தின் பகுதியாக, அங்கு வேட்டையாடியும் தேன் எடுத்தும் வாழ்ந்த வேடர் வெளியே குடியேற்றப்பட்டனர். முதுபெருந்தலைவர் திசாஹாமி மறுத்துத் தம்பானையிலேயே சில குடும்பங்களுடன் தங்கினார். 1998-இல் அங்கேயே மறைந்தார். அவருடைய முன்னோரைச் சராசின் என்னும் சுவிஸ் ஆய்வாளர் இருவர் 1880-களில் அளவெடுத்துப் படம்பிடித்துச் சென்றனர். இன்று பயணிகள் தம்பானைக்குச் சென்று தோளில் கோடரியுடன் நிற்கும் வேடரைப் படம்பிடிக்கின்றனர். வேட்டையாடினால் தண்டனை, வேடனாக நின்று காட்டினால் சன்மானம்.

இறுதியாக யானைக்குத் திரும்புவோம். வருடந்தோறும் வரட்சிக் காலத்தில் மின்னேரியாவிலே நூற்றுக்கணக்கான யானைகள் கூடும் காட்சி ஆசியாவின் பேரதிசயங்களுள் ஒன்றெனப் பாராட்டப்படுகிறது. படத்தைப் பார்ப்பவர் ஆதிகாலத்து இயற்கையைக் காண்பதாக எண்ணுவர். உண்மையில் யானைகள் நிற்கும் பசும்புல் வெளி ஒரு நீர்ப்பாசனக் குளத்தின் தரை. மகாசேனன் காலத்தில், கி.பி. மூன்றாம் நூற்றாண்டளவில், மனிதர் மண் சுமந்து கட்டிய குளம் அது. வயலுக்கு நீர் திறந்துவிடப்பட்டுக் குளம் வற்றும்போது, வெளிப்பட்ட சேற்றிலே புல் முளைக்கிறது. புல்லுக்கு யானை வருகிறது. விவசாயி நீர் எடுப்பதாலேயே அக்காட்சி உண்டாகிறது. ஆனால் படத்தில் விவசாயி இல்லை.

2011-இல் நடந்த கணக்கெடுப்பு இலங்கையில் 5,879 யானைகள் உள்ளன என்றது. 2023-இல் மாத்திரம் 470-க்கு மேற்பட்ட யானைகள் இறந்தன; யானையால் இறந்த மனிதர் 160-க்கு மேல். சுடுதல், மின்சாரக் கம்பி, உணவுக்குள் மறைத்துவைக்கும் வெடி என யானை சாகும் வழிகள் பல. கிராமத்தவரைக் கொடியவரென்று கொழும்பிலிருந்து எழுதுவது எளிது. யானையின் பழைய வழித்தடத்தில் குடியேற்றத்திட்டம் வகுத்தவர் கிராமத்தவர் அல்லர். ஓர் இரவில் ஒரு போகத்தின் நெல்லை இழப்பவர் மட்டுமே அவர். மின்னேரியாப் பூங்காவில் பயணிகளின் ஜீப் வண்டிகள் பொழுது சாயுமுன் வெளியேறிவிட வேண்டும். யானைகள் வயலுக்குள் இறங்குவது இருட்டிய பின்னரே. அந்நேரத்தில் மரத்தின்மேற் கட்டிய காவற்பரணிலே, டோச் விளக்கும் சில சீனவெடிகளும் வைத்துக்கொண்டு, பகல் முழுவதும் வயலில் நின்ற அதே மனிதன் விழித்திருக்கிறான்.